ஞாயிறு ஆறரைக்குப் படுத்துவிடும் வைஃபை

எங்கள் வீட்டு றவுட்டரில் ஓர் ஆணிகூடக் கழற்றாமல், கொம்பனிக்காரன் அதற்குள் போட்டு அனுப்பிய மென்பொருளை வழித்தெறிந்துவிட்டு வேறொன்றை ஏற்றியவன் நான். மானிப்பாயில் அதைச் செய்த இன்னொரு அறுபத்தெட்டு வயதுக்காரரைக் காட்டுங்கள், என் பட்டறையை அவர் பெயருக்கு எழுதித் தருகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எரிந்துபோன தண்ணீர் மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுவது தொழில். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது இரண்டு சொட்டுப் பெற்றோலை முகரக் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டியதும், சைக்கிள் டைனமோவில் றேடியோவைப் பாடவைத்ததும் ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லிவிடுவேன்.

பழைய றவுட்டரின் வீச்சு முன்விறாந்தையோடு நின்றுவிடும். பின்வளவில் இருக்கும் பட்டறைக்கு வராது. சில வகைப் பெட்டிகளில் மென்பொருளை மாற்றினால் இரண்டு மடங்கு வேலை வாங்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். யாழ்ப்பாணம் போய் அந்த வகையில் ஒன்றை வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து வேலையைத் தொடங்கினேன்.

ஒரு சிக்கல்தான். திரையில் வருவது முழுக்க ஆங்கிலம். என் மனைவி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அவளைப் பக்கத்தில் இருத்தினேன். அவள் வாசித்தாள், நான் தட்டினேன்.

மென்பொருள் ஏறியது. ஆனால் வைஃபை முன்பைவிட மோசமாகிவிட்டது. வாசற்கதவைத் தாண்டவில்லை.

"இஞ்சாரும், உந்தப் பக்கத்திலை என்ன எழுதிக் கிடக்கு?"

"எந்த நாடு எண்டு கேக்குது. சொல்லாட்டி வீச்சைக் குறைச்சுத்தான் விடுமாம்."

"இலங்கையைப் போடும். ஒளிக்கிறதுக்கு எங்களிட்டை என்ன கிடக்கு?"

அதற்குக் கீழே அலையின் அகலம் என்று ஒன்று இருந்தது. வாய்க்கால் ஒடுங்கிக் கிடந்தால் எத்தனை குதிரைவலு மோட்டர் பூட்டியும் தண்ணீர் வராது, இதுவும் அதுதான் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அகலமாக்கினோம். அன்றிலிருந்து பட்டறைக்குள்ளும் படம் ஓடியது. ஒரு பக்கம் விடாமல் எல்லாவற்றையும் அவள் வாசித்துச் சொன்னாள் என்பது உண்மை. ஆனால் வாசிப்பு வேறு, வேலை வேறு. ஆகவே தனியே செய்தேன் என்றுதான் ஊரில் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்றபோதும் அப்படித்தான் சொன்னேன்.

இனி மகளின் விஷயத்துக்கு வருகிறேன். வயது முப்பத்திரண்டு, ஆசுப்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. அவளுக்கு இரண்டு சம்பந்தங்கள் வந்து குழம்பியிருந்தன. நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். சாதகம் பார்ப்பதில்லை. அதனால் ஒரு சம்பந்தம் குழம்பினால் பழி போடுவதற்கு எங்களுக்குச் செவ்வாயும் இல்லை, சனியும் இல்லை. கதைதான் பொருத்தம். எங்கள் வீட்டில் கதைக்கிறவன் நான். இரண்டு மாப்பிள்ளைப் பகுதியோடும் வீடியோவில் மணிக்கணக்காகக் கதைத்தேன். இரண்டும் "யோசிச்சுச் சொல்லுறம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டன. சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவனைச் சிலருக்குப் பிடிப்பதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது கனடாவிலிருந்து வந்தது. மகளும் அந்தப் பிள்ளையும் தங்களுக்குள் கதைத்து, இருவருக்கும் பிடித்திருந்தது. அவள் என்னிடம் வந்து ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"அப்பா, இதுவும் குழம்பினால் இனி ஒருத்தரையும் எனக்குப் பாக்காதேங்கோ."

பெரியவர்கள் கதைப்பதற்கு ஞாயிறு பின்னேரம் ஆறரை என்று வைத்துக்கொண்டோம். அங்கே அது காலை, அவர்கள் ஆராதனைக்குப் புறப்படமுன். முதல் ஞாயிறு நான் மண்ணெண்ணெயில் தொடங்கினேன். மோட்டார்சைக்கிளை இன்னும் உதைத்துக் கிளப்பவில்லை, மாப்பிள்ளையின் தகப்பனுடைய முகம் சதுரம் சதுரமாக உடைந்தது.

"அண்ணை, நீங்கள் விட்டுவிட்டு வாறியள்."

"ஹலோ, கேக்குதே? பெற்றோல் ரெண்டே ரெண்டு சொட்டு..."

"அண்ணை? அண்ணை?"

மனைவி தன் போனோடு வந்தாள். "நீங்கள் உதைத் திருத்துங்கோ. நான் என்ரை போனிலை அவையோடை கதைக்கிறன்."

திங்கட்கிழமை பார்த்தால் வைஃபை குதிரை மாதிரி ஓடுகிறது. சனி வரைக்கும் ஓடும். ஞாயிறு ஆறரைக்குப் படுத்துவிடும். ஞாயிறு பின்னேரம் ஊர் முழுக்க வெளிநாட்டோடு கதைக்கிறது, அந்த நெரிசல்தான் என்று நினைத்தேன். பக்கத்து வீடுகளின் அலையோடு முட்டாத அலைக்கு மாற்றினேன். இரும்பு அலுமாரிக்கு மேல் இருந்த றவுட்டரை இறக்கிச் சுவரில் பூட்டினேன். அடுத்த ஞாயிறும் படுத்தது.

மோட்டர் ஓடாவிட்டால் நான் எடுத்த எடுப்பில் சுருளைப் பிரிக்கமாட்டேன். முதலில் லைன், பிறகு கப்பாசிற்றர், கடைசியில்தான் சுருள். அதே முறையில் இறங்கினேன். ஒரு ஞாயிறு ஆறு நாற்பதுக்கு லப்டொப்பை வயர் போட்டு நேரே றவுட்டரில் கொழுவினேன். முழு வேகம். ஆகவே லைன் சரி. வயரைக் கழற்றிவிட்டு, மனைவி கதைத்து முடித்ததும் அவளுடைய போனை நான் இருக்கும் அதே கதிரையில் வைத்துப் பார்த்தேன். முழு வேகம். ஆகவே வைஃபையும் சரி. மிச்சம் என் போன். அதுவும் பழசு. யாழ்ப்பாணம் போய்ப் புதுப் போன் வாங்கிவந்தேன்.

அந்த ஞாயிறு கண்ணாடி மாதிரித் தெளிவு. சம்பந்தியின் மூக்குத்துவாரத்து மயிர்கூடத் தெரிந்தது. ஒரு மணி பத்து நிமிடம் கதைத்தேன். மண்ணெண்ணெய், டைனமோ, பட்டறை கட்டியது, கடைசியாக இந்த றவுட்டரைத் தனியே வென்றது. அவர் "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். வெற்றி என்றுதான் அன்றைக்குப் படுத்தேன்.

அந்தக் கிழமை முழுக்கக் கனடாவிலிருந்து அழைப்பு இல்லை. மகள் வேலையால் வந்து, சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட சோற்றைக் கிண்டிவிட்டு எழும்பிப் போனாள். வேலை கூடவாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு புதுப் போனும் படுத்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய போனின் வருத்தம் புதுப் போனுக்கு ஒரு கிழமை கழித்துத் தொற்றுமென்றால் அது மெசினின் வருத்தமில்லை. மெசினுக்கு வஞ்சகம் தெரியாது. யாரோ இந்தப் போனை அடையாளம் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்திருக்கிறார்கள்.

மனைவி அறைக்குள் போய்த் தன் போனில் மாப்பிள்ளையின் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் லப்டொப்பைத் திறந்து றவுட்டரின் பக்கத்துக்குள் போனேன். வாசித்துச் சொல்ல ஆளில்லை. போன் கமராவைத் திரைக்கு நேரே பிடித்தால் ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வித்தை ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்தேன். என் போனுக்குத்தானே வேகம் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தவழ்ந்து தவழ்ந்து வந்தது. நாலாவதோ ஐந்தாவதோ பக்கத்தில் ஒரு பட்டியல் கிடந்தது. எந்தக் கருவிக்கு எவ்வளவு வேகம் விடலாம் என்று வரம்பு கட்டும் இடம். அதில் இரண்டே வரி. ஒன்று என் பழைய போன். அதற்குக் கீழே புதுப் போன். இரண்டுக்கும் ஒரே நேரம் குறித்திருந்தது: ஞாயிறு, ஆறு தொடக்கம் எட்டு.

அந்தப் பக்கத்துக்குள் போகும் கடவுச்சொல் இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் போடவில்லை.

கதவுக்கு அங்கால் அவளுடைய குரல் கேட்டது.

"அவருக்குக் காது கொஞ்சம் கேக்காது, பாருங்கோ. மோட்டர்ச் சத்தத்துக்கை கிடந்து கிடந்து... அதுதான் போன ஞாயிறு உங்கடை ஆள் சொன்னது ஒண்டும் அவருக்கு விழேல்லை. கதைக்க விடேல்லை எண்டு குறை நினையாதேங்கோ."

என் காது! அடுத்த ஒழுங்கையில் ஓடுகிற மோட்டரின் பேரிங் தேய்ந்திருப்பதை இந்தக் கதிரையில் இருந்தே சொல்லும் காது! நாற்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவள், நான் கையில் எடுத்துக் கொடுத்த ஆயுதத்தாலேயே என் வாயைக் கட்டிவிட்டு, காதையும் பிடுங்கிவிட்டாள்.

இரண்டு வரியையும் அழித்துவிட ஒரு தட்டுப் போதும். விரலை வைத்தேன்.

"அப்பா."

மகள் குசினி வாசலில் நின்றாள்.

"ஆர் உது போட்டது?" தெரிந்துகொண்டே கேட்டேன்.

"அம்மாதான். நான்தான் போடச் சொன்னனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

"சொன்னனாங்கள் அப்பா. ரெண்டு தரம். ரெண்டு தரமும் நீங்கள் மண்ணெண்ணெய்க் கதையைத் தொடங்கீட்டியள்."

"அதுக்கு? நாயைக் கட்டிறமாதிரிக் கட்டி வைப்பியளோ?"

அவள் கிட்ட வந்தாள். கண் கலங்கியிருந்தது. "போன கிழமை முழுக்க அவர் எனக்கு எடுக்கேல்லை. உந்த வீட்டிலை மற்றாக்களுக்கு வாய் இருக்கோ எண்டு அவரின்ரை அப்பா கேட்டவராம். அம்மா இப்பதான் சமாளிக்கிறா. அழிச்சுப் போடாதேங்கோ அப்பா. கலியாணம் முடியுமட்டும்."

லப்டொப்பை மூடினேன். அழிக்கவில்லை.

மூன்று நாள் நான் மனைவியோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு நேரம் பட்டறைக்கு வந்தது. நாலாம் நாள் அவளே கொண்டுவந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டியளாம்."

"நீர் வாசிச்சதை எனக்கெதிராப் பாவிச்சனீர்."

"வாசிப்பு ஒரு வேலையில்லை எண்டு நீங்கள்தானே ஊரெல்லாம் சொன்னனீங்கள்."

கையில் இருந்த கம்பியை மறுபடி சுற்றத் தொடங்கினேன். அவள் சொன்னது சரி என்பதால் கோபமும் போய்விடும் என்று நினைக்கவேண்டாம். பிறத்தியான் செய்திருந்தால் வேலிக்கு அப்பால் விட்டு மறந்திருப்பேன். என் கதிரைக்குப் பக்கத்தில் இருந்து, எனக்காக ஒவ்வொரு வரியாக வாசித்தவள் செய்தாள். பெற்ற பிள்ளை சொல்லிச் செய்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் ஆறரைக்கு என் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனேன். சம்பந்தம் பொருந்தியது. நாள் குறித்தார்கள்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து வந்து எங்கள் விறாந்தையில் இருந்தார்கள். சம்பந்தி கதிரையை இழுத்து என் காதோரம் போட்டுக்கொண்டு, றோட்டால் போகிறவனும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"சுகமா இருக்கிறியளோ அண்ணை?"

"இருக்கிறன்" என்றேன்.

"வெயில் காணாது எண்டுதான் கனடாவிலை நாங்கள் அழுகிறனாங்கள்!"

"ஓம்" என்றேன்.

நல்ல மனிதர். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கொஞ்ச நேரம் தன் போனைத் தட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"அண்ணை! உங்கடை வைஃபை என்ன வேகம்! கனடாவிலை எங்கடை வீட்டிலைகூட இப்பிடி இல்லை! ஆர் பூட்டினது?"

இந்த வயதுவரை என்னை யாரும் இதைவிட நல்ல கேள்வி கேட்டதில்லை. மூச்சை உள்ளே இழுத்தேன்.

"கொம்பனி ஆக்கள் வந்து பூட்டினவை" என்றாள் மனைவி, பலகாரத் தட்டை அவருக்கு முன்னால் வைத்தபடி.

மகள் உள்வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பந்தி என் பக்கம் திரும்பிக் குனிந்தார். "கொம்பனி ஆக்களோ அண்ணை?"

நான் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டேன்.

"ஆ?" என்றேன்.