நிற்கும்போதும் ஆடிய வண்டி

பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பின்சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அடுக்கிய மீன் பெட்டிகளில், சங்கராவுக்கும் கானாங்கெளுத்திக்கும் மேலே கொட்டியிருந்த ஐஸ், குண்டும் குழியுமான சாலையில் கடகடத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் திருக்கழுக்குன்றத்தில் டீக்கடை வாசலில், இன்ஜினை அணைக்காமல் அம்மா வண்டியை நிறுத்தியிருந்தபோதும் அது கடகடத்தது. பக்கத்து சீட்டில் இருந்த எனக்குப் பல்வரிசை வரைக்கும் அந்த நடுக்கம் ஏறியது, பானட் என்கிற முன்மூடிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தமும் விட்டுவிட்டு வந்தது.

எங்கள் ஊர் சதுரங்கப்பட்டினம். ஊர்க்காரர்கள் வாயில் "சட்ராஸ்". அப்பா கடலுக்குப் போகிறவர், சித்தப்பாவும் அதே போட்டில் போவார். அம்மா விடியற்காலையில் கரையில் ஏலம் கூவும்போது மீன் எடுத்து, செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். மற்ற பெண்கள் கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்து, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பாதி நாள் ஏற்றாமல் விட்டுப்போன பஸ்ஸின் புழுதியைத் தின்றுகொண்டு நிற்கையில், என் அம்மா கார் ஓட்டிக்கொண்டு போனாள். மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வண்டி ஓட்டிய மாமா, புது வண்டி எடுத்தபோது பழைய டீசல் காரைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்து, கடற்கரைச் சவுக்குத் தோப்புப் பாதையில் ஓட்டவும் கற்றுக்கொடுத்திருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் ஸ்டியரிங் பிடிப்பதைப் பார்த்து, சைக்கிளில் போகிறவர்கள் கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் திமிர் இருந்தது. நல்ல திமிர் அது. அவளுக்கு அழகாகவும் இருந்தது.

எங்கள் கரையில் இரும்பு என்று எதையும் சும்மா விட்டுவைக்க முடியாது, உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் கடலிலிருந்து திரும்பியதும் போட் இன்ஜினைத் துடைத்து, "வேஸ்ட் ஆயில்" என்று சொல்லும் கருத்த பழைய எண்ணெயைத் துணியில் நனைத்து உடம்பெல்லாம் பூசிவிடுவார்கள். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கிணற்று ராட்டினம் என்று அப்பாவின் எண்ணெய்த் துணி எதையும் விடாது. கார் வந்த பிறகு ஞாயிறுதோறும் அதற்கும் பூசினார். முன்மூடியைத் தூக்கி, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற அக்கறையோடு, இண்டு இடுக்கு விடாமல் தேய்ப்பார். அவர் அம்மாவிடம் வாய்விட்டு அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. அந்தத் துணிதான் அவருடைய பேச்சு என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனாலேயே நடந்ததை நினைக்கும்போது அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

ஆட்டம் ஆரம்பித்த வாரமே வீட்டில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, அம்மாவுக்குக் காலில் பதம் இல்லை என்று சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார். அப்பாவும் சாப்பிட்டுக்கொண்டே அதை ஒத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"கிளட்ச்ச வெடுக்குனு வுடற நீ. அதான் இன்ஜினு அதுருது."

அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்: "வண்டி நின்னுகினு இருக்கசொல்லவும் ஆடுதே. அப்போ நான் இன்னாத்த ஓட்டறேன்?"

அப்பா குழம்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்து, நானே கார் வைத்துக்கொண்டு நாலு விஷயம் தெரிந்துகொண்ட பிறகு சொல்கிறேன், அந்த வண்டியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். நிற்கும்போதும் ஆடுகிறது என்றால் கோளாறு சக்கரத்திலும் இல்லை, ஓட்டுகிறவர் காலிலும் இல்லை, இன்ஜினோடு சுற்றுகிற எதிலோ இருக்கிறது என்று அர்த்தம். பாதி வைத்தியம் அந்தக் கேள்வியிலேயே முடிந்திருந்தது. கேட்டவள் அம்மா என்பதால் அது அப்படியே சோற்றோடு ஆறிப்போனது.

திருக்கழுக்குன்றத்தில் குமார் என்று ஒரு மெக்கானிக் இருந்தார், வாய்ப்பேச்சில் கெட்டிக்காரர். ஓடுகிற பெல்ட்டின்மேல் தண்ணீர் தெளித்தார், கீச்சொலி சட்டென்று அடங்கியது. பெல்ட்தான் வழுக்குகிறது என்று புதுசு மாட்டி அனுப்பினார். நாலு நாள் சத்தம் இல்லை, ஆட்டம் மட்டும் இருந்தது. பிறகு சத்தமும் திரும்பி வந்தது. அடுத்த தடவை டைனமோவில் பேரிங் போய்விட்டது என்று அதை மாற்றினார், அதற்கும் மசியவில்லை. ஒவ்வொரு தடவை வண்டி வீடு திரும்பும்போதும், பாவம் இவ்வளவு வைத்தியம் பார்த்த வண்டி என்று அப்பா இன்னும் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் பூசினார்.

இதற்கிடையில், கோளாறு தீரும் வரைக்கும் தான் ஓட்டுவதாகச் சித்தப்பா சாவியை எடுத்துக்கொண்டார். அவர் ஓட்டியபோதும் வண்டி அப்படியேதான் ஆடியது, ஐஸ் அப்படியேதான் கடகடத்தது. ஆனால் இப்போது அதற்குக் காரணம் வேறாகிவிட்டது: "பழய வண்டி, அப்டிதான் கீது." இதே வண்டி அம்மா ஓட்டும்போது மட்டும் பழையதாக இல்லை போலிருக்கிறது. அம்மா பக்கத்து சீட்டிலும் நான் பெட்டிகளுக்கு நடுவிலும் போனோம். முதலில் சில நாள், வேகத்தடை வரும்போதெல்லாம் அம்மா தன் கால்களையே குனிந்து பார்த்துக்கொள்வாள். ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில் மணை மேல் உட்கார்ந்து, இடது காலை மெதுவாக, மிக மெதுவாகத் தூக்கித் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மரத்துப்போச்சு என்று சொல்லிப் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று எல்லோருமாகத்தான் குமாரின் கொட்டகைக்குப் போனோம். குமாருக்கும் மானப் பிரச்சினையாகிவிட்டிருந்தது. பெல்ட்டையே கழற்றிப் போட்டுவிட்டு இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தார். டைனமோ, விசிறி, தண்ணீர் பம்ப் எதுவும் சுற்றவில்லை, ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை. அப்படியானால் மிச்சம் ஒன்றுதான் என்று, இன்ஜின் தண்டின் முனையில் இருக்கும் பெரிய புல்லியில் அப்பியிருந்த எண்ணெய்ச் சேற்றை டீசல் விட்டுக் கழுவினார். அந்தப் புல்லி ஒரே இரும்பு இல்லை; உள்வட்டம், வெளிவட்டம், இரண்டுக்கும் நடுவே அதிர்வை வாங்கிக்கொள்ள ஒரு ரப்பர் வளையம். குமார் உள்ளிருந்து வெளிவரைக்கும் வெள்ளைப் பெயிண்ட்டில் நேராக ஒரு கோடு போட்டு, பெல்ட்டை மாட்டி, செங்கல்பட்டு வரைக்கும் ஒரு நடை போய்வரச் சொன்னார். சித்தப்பாதான் ஓட்டிப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது கோடு இரண்டாக உடைந்து, வெளிவட்டத்துக் கோடு ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. குமார் ரப்பரை நகத்தால் கீறினார், பிசினாகக் கையோடு வந்தது.

"யாரு அண்ணாத்த இதுல ஆயில் பூசனது? ரப்பரு ஊறிப் பூட்ச்சி."

அப்பா ஒரு நொடி திகைத்தார், பிறகு சிரித்துவிட்டார். போட் இன்ஜினுக்கு அதைத்தானே பூசுகிறோம் என்றார். சித்தப்பா சிரித்தார், குமாரும் சிரித்தார். கடலை ஏமாற்றத் தெரிந்தவன் காரிடம் ஏமாந்துவிட்டான் என்று ஆளாளுக்குக் கேலி பேசிக்கொண்டு டீ குடித்தார்கள். அம்மா கையில் டம்ளரோடு நின்றிருந்தாள். அப்படியானால் உன் காலில் தப்பில்லை என்று அவளைப் பார்த்து ஒருவர், ஒரே ஒருவர், அந்தக் கொட்டகையில் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்துவிட்ட விஷயத்தை வாய்விட்டு வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தார்களோ என்னவோ. சொல்லவில்லை.

புதுப் புல்லி மாட்டியபின் வண்டி பூவாக ஓடியது. வீட்டுக்குக் கிளம்பும்போது சித்தப்பா பழக்கதோஷத்தில் ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அம்மா அந்தக் கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு சுற்றிவந்து இந்தப் பக்கம் ஏறிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, சாவியை யாரும் பிடுங்கவில்லை. சித்தப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அவர் எழுந்து குளித்துக் கிளம்புகிற நேரம்தான் மீன் கிளம்புகிற நேரம் என்று ஆனது. செங்கல்பட்டில் அம்மாவுக்கென்று காத்திருந்த வாடிக்கைக்காரர்கள் வேறு கூடைகளுக்குப் போனார்கள். கொஞ்ச காலத்தில் ஏலத்திலும் சித்தப்பாவே கூவி எடுக்கத் தொடங்க, அம்மா பழையபடி கூடையோடு பஸ் நிறுத்தத்தில், ஒருகாலத்தில் தான் ஹாரன் அடித்துக் கடந்துபோன பெண்களோடு போய் நின்றாள். கண்டக்டரிடம் வசவு வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. அந்தத் திமிரை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

இப்போது நான் அம்மாவோடு கேளம்பாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். அப்பா இல்லை, சித்தப்பா இல்லை. கார் எப்போதோ உடைசலுக்குப் போனது. குமாரின் கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது, மாமா அம்மாவுக்குப் பழக்கிய சவுக்குத் தோப்பு, மனைகளாகிக் கம்பிவேலிக்குள் போய்விட்டது. சட்ராஸ் சாலையில் பெண்கள் ஸ்கூட்டரிலும் காரிலும் பறக்கிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா கொஞ்சம் முன்னாலேயே பிறந்துவிட்டாள் என்று சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். மனசு ஆறுவதில்லை.

போன பொங்கலுக்கு அவளை ஊருக்கு அழைத்துப் போகும்போது, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சொல்லாமல் விட்டதை நான் சொன்னேன். உன்மேல் எந்தத் தப்பும் இல்லை அம்மா, அது புல்லி என்றேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "தெர்யும் கண்ணு. அந்த மெக்கானிக்கு சொல்லசொல்ல நானும் அங்கதானே நின்னுகினு இருந்தேன்" என்றாள்.

எங்கள் ஊர்ப் பழைய கோட்டைக்கு முன்னால் சாலை காலியாக இருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். கொஞ்ச தூரம் நீ ஓட்டு, கிளட்ச்சே கிடையாது, ரொம்பச் சுலபம் என்றேன். புது வண்டி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் மடியில் இருந்த பூச்சரம்கூட அசையவில்லை.

அவள் இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"வாணாம் கண்ணு" என்றாள். "நான் ஓட்னா ஆடும்."