எனக்கு அத்தையே கிடையாது

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் திருச்சிக்குப் போய், ஒரு பெண்கள் கல்லூரியில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் நான்தான். அக்காவுக்கும் படிக்க ஆசை இருந்தது. அவள் எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும்போது எவனோ ஒருவன் அவள் புத்தகத்துக்குள் ஒரு கடிதத்தைச் செருகிவிட்டான். அது அப்பா கண்ணில் பட்டது. மறுநாளிலிருந்து அக்கா சமையலறையோடு சரி.

அதனால்தான், பஸ் நிறுத்தத்தில் அந்த ஆளைக் கவனித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பார்த்தால் கௌரவமான ஆள். நான் ஏறும் பஸ்ஸில் ஏறுவான், நான் இறங்கும் இடத்தில் இறங்குவான். அவனுக்கும் அதே நேரத்துக்கு ஆபீஸ் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். முந்தைய பஸ்ஸுக்கு மாறிப் பார்த்தேன். அதிலும் இருந்தான். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் எனக்குப் பின்னால் நின்று, "காய்ச்சல் தேவலையா?" என்றான். வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாத காய்ச்சல் அது. இவன் என்னை வேவு பார்க்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று வகுப்பில் ஒரு வார்த்தைகூட மண்டையில் ஏறவில்லை.

எனக்குப் புரியாத இன்னொன்றும் இருந்தது. அவன் ஏறினால், என் பக்கத்தில் நிற்பவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் விடுவார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துவிட்டு, "உங்களுக்கும் சேர்த்து அவரே டிக்கெட் வாங்கிட்டாரும்மா" என்பார். வேண்டாம், எனக்குத் தனியாகக் கொடுங்கள் என்றால் அந்தச் சிரிப்பு இன்னும் பெரிதாகும். நான் என்ன செய்வேன்? தலையைக் குனிந்துகொள்வேன். நாலு மாதம் இப்படியே போயிற்று. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. வீட்டில் சொன்னால் படிப்பு போய்விடும் என்ற பயம் மட்டும் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கல்லூரி ஆயா வந்து என்னை வெளியே அழைத்தாள். "அம்மா கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டாங்களாம். உன் அத்தை பையன் குதிரை வண்டியோட வந்திருக்காரு. சீக்கிரம் கிளம்பும்மா" என்றாள். அம்மா என்றதும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. புத்தகங்களை வாரிக்கொண்டு, அழுதபடியே அவளோடு ஓடினேன். மைதானத்தில் பாதி தூரம் போன பிறகுதான் 'அத்தை பையன்' என்று அவள் சொன்னது மனசில் பட்டது. அப்பாவோடு பிறந்தவர்கள் நாலு பேரும் ஆண்கள்.

நின்றுவிட்டேன். வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. "ஆயா, எனக்கு அத்தையே கிடையாது" என்றேன். நாலு மாதத்தில் இதைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஆயா துருவித் துருவி ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி, ஆபீஸ் அறையில் உட்கார வைத்தாள். பிறகு போய் வாசல் கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு, "அந்த அத்தை பேரு என்னங்க?" என்று அவனைக் கேட்டாளாம். அவன் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

நான் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காமல் பிரின்ஸிபால் என் அப்பாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார். வீட்டில் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். மறுநாள் காலையில் அப்பா அந்தக் கண்டக்டரைப் பிடித்து விசாரித்தார். கண்டக்டர் முகம் வெளிறிவிட்டது. தான் என் அத்தை பையன், நிச்சயம் ஆகிவிட்டது, பரீட்சை முடிந்ததும் கல்யாணம் என்று அவன் பஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தானாம். "பொண்ணும் தலையைக் குனிஞ்சுக்கும் சார். வெக்கப்படுதுன்னு நெனைச்சுட்டேன்" என்றார். முறை இருக்கிறது என்று ஒருவன் வாயால் சொன்னால் போதும், நம் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை அப்பா, இனிமேல் கல்லூரி வேண்டாம் என்றார். எதிர்பார்த்ததுதான். அழக்கூட வரவில்லை. அப்போது சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். அப்பா முன்னால் நின்று அவள் பேசி நான் பார்த்ததே இல்லை. "என்னையும் இப்படித்தான் நிறுத்துனீங்க. நான் என்னப்பா தப்பு பண்ணினேன்? இவ என்ன பண்ணினா?" என்றாள். குரல் உயரவே இல்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்து நிறுத்தி, என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். பரீட்சை முடியும்வரை தினமும் காவிரிப் பாலத்தை அப்படித்தான் கடந்தேன்.

போலீசுக்குப் போக அப்பா சம்மதிக்கவில்லை. பெண்ணின் பெயர் கெட்டுவிடுமாம். அதற்குப் பிறகும் இரண்டு முறை பாலத்து முனையில் அவனைப் பார்த்தேன், அப்புறம் காணோம். அவன் யார், எந்த ஊர் என்று கடைசிவரை தெரியவில்லை. பின்னால் ஏறுவது யார் என்று திரும்பிப் பார்க்காமல் இன்றுவரை என்னால் பஸ்ஸில் உட்கார முடியவில்லை.

நான் பட்டம் வாங்கினேன், வேலைக்கும் போனேன். அக்கா மறுபடி பள்ளிக்கூடம் போகவில்லை. அவளை நிறுத்திய அன்று நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். அவளுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.