அறையில் இருப்பவர்கள்: 2

நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்க சிரிச்சுட்டுப் போங்க. நடந்தது எனக்கு. தேதி, மணி எல்லாம் ஆப்லயே பதிவாகியிருக்கு. யாராவது பேய்னு பேச்செடுத்தா ஓட்டித் தள்ளற ஆளு நான். அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

புதுசா எது வந்தாலும் வாங்கி நோண்டிப் பார்க்கலன்னா எனக்குத் தூக்கம் வராது. வீடு முழுக்கக் காலி அட்டைப்பெட்டி. அதனால அக்கா எனக்கு வெச்ச பேரு ‘டப்பா’. ரெண்டு வருஷமா தனியா இருக்கேன். வேலையும் வீட்டுலயேதான். சில நாள் டெலிவரிக்காரர்கிட்ட “தேங்க்ஸ்”னு சொல்றதோட அன்னிக்கு என் பேச்சு முடிஞ்சிடும்.

அந்தச் சனிக்கிழமை வந்தது ஒரு சென்சார். தீப்பெட்டி அளவுதான். கேமரா கிடையாது. சுவத்துல ஒட்டிட்டா போதும். அறையில எத்தனை பேர், யார் எங்க இருக்காங்க, நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடறாங்கன்னு போன்ல காட்டும். ஆளுக்கு ஒரு புள்ளி, ஒரு வரி.

சாயங்காலம் 4:10-க்கு மாட்டினேன். ‘அறையில் இருப்பவர்கள்: 1. மூச்சு: 16.’ அட, அட! எனக்கு நானே கைதட்டிக்கிட்டேன்.

4:32. ‘இருப்பவர்கள்: 2.’

திரைச்சீலை ஆடறதை ஆளுன்னு நினைச்சுடுச்சு போலன்னு ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். அப்பவும் 2. ரெண்டாவது புள்ளி மூலை நாற்காலியில. அதுக்கும் மூச்சு 16.

விளையாட்டா மூச்சை அடக்கிப் பார்த்தேன். என் வரியில 0. கீழ் வரியிலயும் 0.

இருபதாவது செகண்ட்ல நான் விட்டுட்டேன்... அது விடல.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. சாப்பிட உட்கார்ந்தப்போ அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, “சாப்பிடறியா?”ன்னு கேட்டேன். அந்த வீட்டுல ஒருத்தரை அப்படிக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு.

எந்தக் கருவி தப்பாக் காட்டினாலும் நான் உடனே கம்பெனியைத் திட்ட மாட்டேன். வேற இடத்துல மாட்டிப் பார்ப்பேன். அது என் பழக்கம். ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா, அவ வீட்டுக்காரர், அவங்க ஆறு வயசு மகள் வாண்டு, நான். மொத்தம் நாலு பேர்.

காட்டினது 5.

அஞ்சாவது புள்ளி சோபா மூலையில. வாண்டுக்குப் பக்கத்துல.

“என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?” அக்கா கேட்டா.

“ஓட்டைக் கருவிக்கா. திருப்பி அனுப்பணும்.”

“அப்படியே உன்னையும் அதே டப்பாவுல வெச்சு அனுப்பு!”

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன்.

7:15-க்கு என் வீடு. மறுபடி மாட்டினேன். 1. அப்பாடா! பத்து நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் அந்த ஒத்தை 1-ஐப் பார்க்கப் பார்க்க மனசு என்னமோ பண்ணுச்சு. அது எங்க போயிருக்கும்னு மட்டும் யோசிக்கவே இல்ல. மடையன் நான்.

திங்கள் காலை 9:05. அக்கா போன். குரல்ல கிண்டல் இல்ல.

“டேய், வாண்டு மயங்கி விழுந்துட்டாடா. உதடெல்லாம் நீலம். டாக்டர் இப்பதான் பார்த்துட்டுப் போனார். மூச்சை அடக்கற விளையாட்டாம். முதல்ல மூச்சு விட்டவங்க தோத்தாங்களாம். இதையெல்லாமா குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பே?”

“நானா? சத்தியமா இல்லக்கா!”

“நீ இல்லையாம்... உன்கூட வந்த மாமாவாம்.”

கிடைச்ச வண்டியில ஏறினேன்.

9:40. வாண்டு அக்கா மடியில சுருண்டு கிடந்தா. நான் சோபா மூலையில போய் உட்கார்ந்தேன். யாருக்கும் கேட்காம சொன்னேன்.

“குழந்தையை விட்டுடு. வா... நம்ம வீட்டுக்குப் போலாம்.”

பின்கழுத்துல சில்லுன்னு ஒரு மூச்சு. ஒரே ஒரு தடவை.

10:52. என் அறை. போனைத் திறந்தேன்.

2.

அழுதுட்டேன். சந்தோஷத்துல.

மூணு மாசமாச்சு. யார் வீட்டுக்கும் நான் போறதில்ல. வேலை ஜாஸ்தின்னு புளுகறேன். அக்கா திட்டறா. அவங்களையெல்லாம் பார்க்கணும்னு ஏக்கமா இருக்கு. என்ன பண்ண? நான் போனா அதுவும் கூட வரும்.

போன வாரம்தான் ஆப்ல பழைய பதிவைப் பார்க்கற பக்கத்தைக் கண்டுபிடிச்சேன். தினமும் 3:20. நான் அசந்து தூங்கற நேரம். என் வரியில மூச்சு 0. முதல் நாள் பத்து செகண்ட். போன மாசம் நாப்பது.

நேத்து... ஒரு நிமிஷம் பத்து.

கீழ் வரியிலயும் 0.

இதை நான் யார்கிட்டயும் சொல்லல. இன்னிக்குக் காலையில வாண்டு போன் பண்ணினா.

“மாமா... அந்த மாமாகிட்ட இன்னும் நீங்கதானே தோக்கறீங்க?”



“ஆமாம்மா.”

“ஜெயிச்சுடாதீங்க மாமா.”