தரைத்தள அறைக்கு நான் போட்ட டைம்டேபிள்

ஓசூர் பஸ் டிப்போவில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த டிரைவர் டீ குடிக்க எவ்வளவு நேரம் எடுப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்று, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மகன் வாங்கிய ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு நேரம் குறிக்க ஒரு வண்டியும் இல்லை. அதனால்தான் அசோசியேஷன் செக்ரெட்டரி, "அங்கிள், கீழ ஒரு ரூம் சும்மா கிடக்கு. வயசானவங்களுக்கு என்ன பண்ணலாம்னு நீங்களே பிளான் போட்டுக் குடுங்க" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். யோகா, பஜனை என்று கேட்பார்கள் என நினைத்திருந்தேன். அவர்கள் கேட்டது கைப்பிடி வைத்த நாற்காலி, பக்கத்திலேயே கழிப்பறை, அதில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. பிறகு நேரம். எட்டரைக்குப் பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் வேன். பத்து மணி வரை வீட்டு வேலைக்குப் பெண் வந்து போவாள். பன்னிரண்டுக்குக் குக்கர் வைக்க மேலே போயாக வேண்டும். சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மூன்றுக்கு வேன் திரும்பிவிடும். ஆக ஒரு நாளில் எங்களுக்கென்று மிஞ்சியது பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். ரிட்டயர் ஆனவர்களுக்குப் பொழுது போகவில்லை என்று பேசுகிறவர்கள் எங்கள் வீடுகளில் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.

ஒன்பதாம் மாடியில் மகளோடு இருக்கும் ஒரு அம்மா, கணவர் போன பிறகு கீழே இறங்கியதே இல்லை. பெங்களூரிலேயே, சிவாஜிநகர் பக்கம் பிறந்து வளர்ந்தவர்; பேச்சில் கன்னடம் கலக்கும். "பேடா சார், வேணாம். கீழ போட்டிருக்கற பெஞ்சுல உட்கார்ந்தா எழுந்திருக்க ஆகல" என்றார். கைப்பிடி நாற்காலி வரப்போகிறது என்றேன். அடுத்த முறை போனபோது கட்டிலுக்கு அடியிலிருந்து, பழைய போர்வையில் சுற்றிய கேரம் போர்டை இழுத்தார். கணவருடையது. "ரூமுக்கு இத எடுத்துட்டுப் போங்க தம்பி. நானும் வரேன். ஆனா தோத்தா ஒத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்." அன்றுதான் முதல் தடவையாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டார்.

போர்டை எங்கள் வீட்டு சோபாவுக்குப் பின்னால் வைத்தேன். நான் நோட்டில் எழுதிய டைம்டேபிளை மகன் பார்த்து, "சூப்பர்ப்பா" என்று அவனே கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அதில் எல்லாப் பெரியவர்களிடமும் கையெழுத்து வாங்கினேன். டிப்போவில் கையெழுத்து விழுந்தால் வண்டி கிளம்பிவிடும். அந்தப் பழக்கத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட ஒருவர் பெயரிலும் வீடு இல்லை. எல்லாம் பிள்ளைகள் பெயரில்.

ஒரு காலை அந்த அறைச் சுவரில் பெரிய கண்ணாடி பதித்துக்கொண்டிருந்தார்கள். ஜிம்மாம். செக்ரெட்டரியிடம் போய்க் கத்தினேன். அவர் ஃபோனை நீட்டினார். "நானா முடிவு பண்ணேன் அங்கிள்? ஓனர்ஸ் குரூப்ல ஓட்டிங் வெச்சோம். வீட்டுக்கு ஒரு ஓட்டு. நீங்களே பாருங்க."

சீனியர்ஸ் ரூமுக்கு மூன்றே ஓட்டு. ஜிம்முக்குக் கீழே ஓட்டுப் போட்டவர்களின் முகங்கள் வரிசையாக. அதில் ஒரு வட்டத்துக்குள் நானும் இருந்தேன். கிரகப்பிரவேசத்தன்று மகனும் நானும் பட்டு வேட்டியில் நின்ற படம். அதைத்தான் அவன் வாட்ஸ்அப்பில் தன் படமாக வைத்திருக்கிறான்.

சாயங்காலம் அவனைக் கேட்டேன். "ஜிம் இருந்தா வீட்டுக்கு நல்ல வேல்யூப்பா. நீங்களும் டிரெட்மில்ல நடக்கலாமே."

"ஓட்டு எப்ப போட்ட?"

"நீங்க கையெழுத்து வாங்கிட்டு இருந்தப்பவே."

"ஏன்டா சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கப்பா."

செக்ரெட்டரி ஏமாற்றியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். இது என் பிள்ளை. நான் மாடி மாடியாகப் போய் வாக்குக் கொடுத்ததை, எதுவும் நடக்காது என்று தெரிந்தே தினமும் சாப்பாட்டு மேசையில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறான்.

மறுநாள் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் மாடிக்குப் போனேன். கதவைத் திறந்த அம்மா போர்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"மக ஃபோன்ல காட்டுனா தம்பி. ஜிம்முக்கு ஓட்டுப் போட்டவங்கள்ல உங்க படமும் இருந்துச்சு. எனக்குத்தான் கண்ணு சரியா தெரியலையோ என்னவோ. நீங்க இல்லதானே?"

அது என் மகன் போட்ட ஓட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், பெற்ற பிள்ளையே என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்பதையும் அந்த வாசலில் நின்று சொன்னதாகிவிடும். மானம் விடவில்லை.

"நான்தாம்மா" என்றேன்.

போர்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சரிங்க சார்" என்று கதவைச் சாத்தினார்.