சத்தம் போடாத ஆன்டிவைரஸ்

வேலை முடிந்து கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது கம்ப்யூட்டரின் மேல் அம்மாவின் பழைய புடவை ஒன்று போர்த்தியிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள். அவள் அடுப்பின் முன் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாச்சும்மா?"

"ஒண்ணும் இல்ல. அத்த யாருக்குனா குட்த்துடு. நம்ம ஊட்டுக்கு வாணாம்."

அந்தக் கம்ப்யூட்டர் நான் கல்லூரியில் சேர்ந்தபோது பழையதாக வாங்கியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்து, அதற்கு மேலும் போனவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அம்மா பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை. எங்கள் சபையில் பெண்கள் கூட்டம் நடக்கும்போது வேதப் பகுதியை ஆளுக்கொரு மாதம் வாசிப்பார்கள். தன் முறை வரும்போதெல்லாம் அம்மா, "கண்ணாடி எட்துகினு வர்ல, நீயே படிச்சுடு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவாள். அவளிடம் கண்ணாடியே இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

எனக்கு வேலை கிடைத்த பிறகு ஒரு நாள், "எனக்கும் எழ்த்து காட்டு" என்றாள். ஆறு மாதம் போல எழுத்துகளை எழுதிக் காட்டினேன். பிறகு ஓர் இணையதளத்தைக் கண்டுபிடித்தேன். அதில் ஒரு குரல் நிதானமாக வாசிக்கும், வாசிக்கப்படும் சொல் மட்டும் நிறம் மாறும். பெரிய திரையில் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். காலை ஷிப்டு முடிந்து வரும் நாட்களில் மதியம் முழுக்க அதன் முன்னால்தான் அம்மா. அடுத்த மாதக் கூட்டத்தில் தானே வாசிப்பதாக வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள். இப்போது அந்தத் திரை புடவைக்கு அடியில் கிடந்தது.

நடந்ததை அன்று மாலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். வாசித்துக்கொண்டிருந்தபோது திரையை மறைத்து ஒரு பெட்டி திறந்திருக்கிறது. சைரன் அலறியிருக்கிறது. ஒரு பெண் குரல் இங்கிலீஷில் படபடவென்று பேச, நடுவில் சிவப்புப் பட்டன் ஒன்று விட்டு விட்டு எரிந்திருக்கிறது.

அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவள். அங்கே அலாரம் அடித்தால் கை முதலில் சிவப்புப் பட்டனுக்குத்தான் போக வேண்டும், யோசிப்பதெல்லாம் அப்புறம். அப்படி அடித்துத்தான் ஒரு முறை உடன் வேலை செய்தவரின் விரல்களைக் காப்பாற்றினாள். இங்கேயும் அவள் கை அதையே செய்தது. அங்கே சிவப்பு என்றால் நிறுத்து. இந்தப் பெட்டியில் சிவப்பு என்றால் சம்மதம். அடுத்தடுத்து வந்த பெட்டிகளையும், சத்தம் நின்றால் போதும் என்று, அமுக்கிக்கொண்டே போயிருக்கிறாள்.

சைரன் அலறியதற்கு மறுநாள் திறந்ததும் வேதப் பகுதியின் மேலேயே அசிங்கமான படங்கள் வந்து நின்றிருக்கின்றன.

"கர்த்தரோட வார்த்த மேல அந்த மாரி படம். நா கண்ண மூடிக்கினேன். கண்ண மூடிக்கினு எப்டி அணைக்கறது? அதான் பிளக்க புட்ங்கிட்டேன்."

"நீ ஒண்ணும் தப்பு பண்லம்மா."

"பண்ணாம தானா வந்துச்சா?"

கூட்டத்தை நடத்தும் அக்காவிடம், வாசிப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி அதற்குள் சொல்லிவிட்டும் வந்திருந்தாள்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா உள்ளே வந்து புடவையைப் பார்த்தார். "இன்னாமே, கம்ப்யூட்டருக்குப் பேய் புட்ச்சிகிச்சா? பாஸ்டர இட்டாந்து எண்ண தடவச் சொல்லவா?" அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கம்ப்யூட்டரில் இருந்ததை முழுதாக அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினேன். அது எனக்குச் சுலபம். எந்த ஆன்டிவைரஸைப் போடுவது என்பதில்தான் தடுமாறினேன். அப்பா தன் ஆட்டோவிலேயே அம்பத்தூரில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தே பேசினார்.

"பெரிய பேக்கேஜா போட்டுக்கங்க சார். பேங்க், போன், பசங்க எல்லாத்துக்கும் சேஃப்டி."

"எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்றே நைனா? எனக்குத் தெர்ஞ்சது கிளட்சும் பிரேக்கும்தான். கம்ப்யூட்டருக்கு டாக்டரு அவ, அவகிட்ட பேசு."

நான் எது கேட்டாலும் அவர் விலைப்பட்டியலையே நீட்டினார். கிளம்பி வந்துவிட்டோம். வீட்டில் இணையத்தில் ஆன்டிவைரஸ்களின் சோதனை முடிவுகளையெல்லாம் படித்து, நல்ல பெயர் வாங்கியிருந்த ஓர் இலவச ஆன்டிவைரஸைப் போட்டேன். சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டதாகப் பெருமையாகக்கூட இருந்தது.

கெஞ்சிக் கூத்தாடி அம்மாவை மறுபடி உட்கார வைத்தேன். வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி எழும்பி, டிங் என்று அடித்தது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே பணம் கட்டிப் பெரிய பாதுகாப்புக்கு மாறுங்கள் என்றது. அதைச் சொன்னது நான் போட்ட ஆன்டிவைரஸேதான்.

அம்மா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அதே வந்துச்சு பாரு."

அது வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். திருடனும் காவல்காரனும் ஒரே மாதிரி கத்தினால், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் எதை வைத்துப் பிரித்தறிவாள்? அன்றே அதை நீக்கினேன்.

கடைசியில், கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த பாதுகாப்பையே இயக்கினேன். எல்லோரிடமும் சும்மா கிடப்பது என்பதால் நான் அதை மதித்ததே இல்லை. ஒழுங்காகப் புதுப்பித்து வந்தால் எங்கள் வீட்டுக்கு அது போதும். விளம்பரங்களைத் தடுத்தேன். இணையதளங்கள் அறிவிப்பு அனுப்புவதை நிறுத்தினேன். அம்மாவுக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து, என் கடவுச்சொல் இல்லாமல் எதுவும் உள்ளே ஏற முடியாதபடி செய்தேன். எல்லாவற்றையும் தமிழில் மாற்றி வைத்தேன். அம்மா முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"வேல செய்யுதுன்னு எப்டி தெரியும்?"

"செய்யும்மா."

"செய்யும்னா? ஷிப்டு ஏறுனா நாங்க மொதல்ல மெஷின நிறுத்திப் பாப்போம். நிக்குதுன்னு கண்ணால பாத்தாதான் தகட்ட உள்ள வெப்போம். அந்த மாரி காட்டு."

இதற்கென்றே ஒரு சோதனைக் கோப்பு உண்டு. அதனால் எந்தக் கெடுதலும் இல்லை, ஆனால் ஆன்டிவைரஸ் எதுவானாலும் அதை வைரஸாகவே பிடிக்க வேண்டும். படிக்கும் காலத்தில் கேள்விப்பட்டிருந்தேன், செய்து பார்த்ததில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து, "நீயே அமுக்கும்மா" என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அமுக்கினாள்.

மூலையில் சின்னதாக ஒரு பெட்டி வந்தது. ஒலியை நான் அணைத்து வைத்திருந்தேன். அம்மா கிட்டே குனிந்தாள்.

"அச்... சு... றுத்... தல். அச்சுறுத்தல்னா?"

"பயமுறுத்தறது."

"புட்ச்சிகிச்சா?"

"புட்ச்சிருச்சு."

"இன்னொரு வாட்டி அமுக்கட்டா?"

அமுக்கினாள். ஒவ்வொரு முறையும் அது பிடிபட்டது. அதற்குப் பிறகுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.

அந்த மாதம் அவள் வாசிக்கவில்லை. பகுதி ஏற்கனவே வேறொருவருக்குப் போயிருந்தது. அடுத்த மாதம் அம்மா எழுந்து நின்றபோது நான் கடைசி வரிசையில் இருந்தேன். மெதுவாகத்தான் வாசித்தாள். பாதியில் ஒரு நீளமான சொல்லில் குரல் நின்றுபோனது. பக்கத்தில் இருந்த அக்கா எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார். அம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே வேண்டாம் என்று தலையசைத்தாள். எழுத்து எழுத்தாக அந்தச் சொல்லைத் தானே சேர்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போனாள்.