கொரிய மனேச்சர் எந்தப் பக்கம்?

உதைபந்தாட்டக் கழகத்தில் உதவி மனேச்சர் என்பது பந்தைத் தவிர மற்ற எல்லாம் வந்து மேலே படுகிற வேலை. ஊர்ச் சங்கம் ஏதாவதொன்றில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான எனக்கு ரொறன்ரோவில் வேறு வேலை கிடைக்கவில்லை. இதற்குச் சம்பளமும் இல்லை.

சொந்தமில்லாத ஆள்

எங்கள் ஊருக்குக் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பக்கம். கனடாவுக்கு வரும்போது இரண்டையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தோம். கிழக்கு மனேச்சர் மேற்குப் பெடியளை இறக்கமாட்டார். மேற்கு மனேச்சர் கிழக்குப் பெடியளை ஓரத்து வாங்கிலிருந்து எழும்ப விடமாட்டார். ஆகவே ரொறன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் மூலைக்கடை வைத்திருந்த சோய் என்ற கொரியரைப் பிடித்தோம். கொரியாவில் ஒரு பெரிய கழகத்துக்கு நடுக்களத்தில் விளையாடி, முழங்கால் போன பிறகு கொஞ்சக் காலம் அங்கேயே மனேச்சராக இருந்தவர்.

அவருடைய ஆங்கிலம் எங்கள் தலைவர் கணேசு அண்ணைக்குப் புரியாது. அண்ணையின் ஆங்கிலம் அவருக்குப் புரியாது. ஆகவே இடையில் நான்.

“கெட்டிக்காரனோ இல்லையோ, எங்கட ஒருத்தருக்கும் சொந்தமில்லை, அது காணும்,” என்றார் அண்ணை. பிறகு என்னைப் பார்த்தார். “உவர் சரிவராட்டி நீர்தான் மனேச்சர். படிச்ச பிள்ளைதானே.”

எனக்கு அந்த வேலையே வேண்டாம். என் அம்மா கிழக்கு, அப்பா மேற்கு.

பின்னால் பார்

முதல் பயிற்சிக்கு சோய் பந்தே கொண்டுவரவில்லை. நடுக்களத்தில் நிற்பவன் பந்து வருவதற்கு முன்பே தன் முதுகுக்குப் பின்னால் எவன் நிற்கிறான் என்று அறிந்திருக்க வேண்டுமாம். அதனால் பெடியள் எல்லாரும் வெறும் மைதானத்தில் நடந்து, இரண்டு அடிக்கு ஒருக்கால் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கவேண்டும். அவரும் நொண்டியபடி கூடவே நடந்து காட்டினார்.

மகனை ஏற்றிப்போக வந்த ஒரு அன்ரி பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தார்.

“என்ன தம்பி, இமிக்கிரேசன்காரர் வாறாங்களோ?”

தலைவரின் மருமகன்

ஆனால் வெல்லத் தொடங்கினோம். தோற்றுக்கொண்டிருந்தபோது இருந்த ஒற்றுமை அதோடு போயிற்று. கிழக்குப் பக்கத்துக் கணேசு அண்ணையின் தங்கை கமலா அன்ரி. அவருடைய மகன் ரமேஷ் எங்கள் நடுக்கள வீரன். காலில் பந்து பட்டால் அதைப் பிறகு ஒருவருக்கும் கொடுக்கமாட்டான். ஓர் ஆட்டத்தில் இடைவேளையோடு சோய் அவனை வெளியே எடுத்துவிட்டார். கிழக்குப் பக்கம் முழுவதும் மடக்குக் கதிரைகளை மடக்கிக்கொண்டு காருக்குப் போனது. அந்த ஆட்டத்தை நாங்கள் வென்றதைப் பார்க்க மேற்குப் பக்கம் மட்டும்தான் இருந்தது. சோய் மேற்கின் ஆள் என்பதற்கு அதுவே ஒரு சாட்சியமாகிவிட்டது.

“அவரின்ரை கடையிலை ஆர் பால் வாங்கினம் எண்டு பாத்தனீரே? முழுக்க மேற்கு ஆக்கள். உவர் அவையின்ரை ஆள்,” என்றார் கமலா அன்ரி.

கடைக்கு மேலிருந்த அடுக்குமாடியில் மேற்குக் குடும்பங்கள் குடியிருந்தன என்பதை நான் சொல்லிப் பார்த்தேன்.

பால்

மனேச்சர் போனால் அடுத்தது நான். பயத்தில் ஒரு திட்டம் போட்டேன். கிழக்குப் பக்கத்தாரும் சோயிடம் வாங்கினால் கதை முடியும்தானே? என் சொல் கேட்கிற கிழக்குப் பக்கத்தவர் அம்மா ஒருவர்தான். அவரைத் தினமும் பஸ்ஸில் அனுப்பி, நாலு லீற்றர் பால் பைகளை நாலு பேர் காணத் தூக்கி வரச் செய்தேன். குளிர்சாதனப் பெட்டியில் வேறு எதற்கும் இடமில்லாமல் போனது.

“ஒரு மனேச்சரைக் காப்பாத்த நான் எவ்வளவு பாலடா குடிக்கிறது?” என்று அம்மா கேட்டார்.

விசாரணை

கடைசியில் கமிற்றி ஒரு டோனட் கடையில் கூடி, சோயைக் கூப்பிட்டது. கமலா அன்ரியும் வந்திருந்தார். “நீங்கள் ஆரின்ரை பக்கம் எண்டு கேளும்,” என்றார் கணேசு அண்ணை. கேட்டேன். சோய் கோப்பியைக் கீழே வைத்தார். கொரியாவிலும் தன்னிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், அங்கேயும் கிழக்கும் மேற்கும் உண்டு, அதனால்தான் அந்த மனேச்சர் வேலை போனது, கடையைத் திறக்க இவ்வளவு தூரம் வந்தது என்றார். ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். கமலா அன்ரியே கண்ணைத் துடைத்தார். தப்பினேன் என்று நினைத்தேன்.

“பாவம் மனிசன்,” என்றார் கணேசு அண்ணை. பிறகு கொஞ்சம் முன்னால் சரிந்தார். “அப்ப அங்கை இவர் எந்தப் பக்கமாம்?”

கேட்டேன். சோய் பதில் சொன்னார். அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “மேற்காம்,” என்றேன்.

“பாத்தியளே! நான் அப்பவே சொன்னனான்!” என்றார் கமலா அன்ரி.

கணேசு அண்ணை என் பக்கம் திரும்பினார். “தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்கு ரீமை நீர் போடும். ரமேஷை மறந்திடாதையும்.”

பசிபிக் சமுத்திரத்தையே கடந்து வந்தவர் கடைசியில் எங்கள் ஊரின் மேற்குப் பக்கத்தில் போய் இறங்கினார். நான் அவருடைய இடத்துக்கு வந்து, வீட்டில் அம்மாவோடும் அப்பாவோடும் தனித்தனியாகப் பேசத் தொடங்கினேன்.