வரதராஜா மாஸ்டர் எருசலேமைப் பிடித்த விதம்

வரதராஜாவை, அவர் குடியேறிய ரோவில் புறநகரில், எல்லோரும் மாஸ்டர் என்றே அழைக்கிறார்கள். வடமராட்சியில் பதினொரு வருடம் வரலாறு படிப்பித்தவர். டண்டினொங்கில் ஒரு களஞ்சியத்தில் பத்தொன்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நியாயப்படி டிரைவர் என்றுதான் அழைக்க வேண்டும். ஆனால் நம்மவர்கள் வரும்போது பட்டங்களையும் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தவர்கள்.

வயது எழுபத்தொன்று. யாரையும் வெறுக்கக் கூடாது என்பார். அடுத்த வசனத்திலேயே, 1998இல் தன் தேநீர்க் கோப்பையை உடைத்த மேற்பார்வையாளரின் முழுப் பெயரையும் சொல்வார்.

ஸ்பிரிங்வேலில் மாதம் ஒருமுறை கூடும் மூத்தோர் சங்கத்தில் பேச அவர் நான்கு மாதம் தயாரித்தார். தலைப்பு: 614ஆம் ஆண்டின் எருசலேம் முற்றுகை. ரோமப் பேரரசிடம் தலைமுறை தலைமுறையாக அடிபட்ட யூதர்கள், படையெடுத்து வந்த பாரசீகரோடு சேர்கிறார்கள். நகரம் முதலில் சண்டையின்றிப் பணிகிறது. பிறகு உள்ளே கலகம், கொலை. படை திரும்பி வந்து இருபத்தொரு நாள் முற்றுகையிட்டு மதிலின் அடியைத் தோண்டுகிறது. மாஸ்டருக்கு இந்தக் கதை பிடித்ததற்கு ஒரே காரணம்தான்: இதில் வரும் ஒவ்வொருவரும் பழிவாங்க நியாயம் வைத்திருந்தார்கள்.

அன்று மேடையில் அவர் பேச்சு முற்றுகையின் மூன்றாம் நாளில் நின்றபோது, சங்கத் தலைவர் அருந்தவன், ஓய்வுபெற்ற எஞ்சினியர், எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"மாஸ்டர், எருசலேம் எங்கயும் ஓடிப்போகாது. இடியப்பம் காய்ஞ்சு போகும். சனம் பசியோட இருக்குது, வாங்கோ!"

சிரிப்பு. எழுபது பேரும் எழுந்துவிட்டார்கள்.

காரில் மனைவி நாகேஸ்வரி சமாதானம் சொன்னார். "விடுங்கோப்பா. அந்தாள் பகிடிக்குச் சொன்னது."

"பகிடியோ? ஒருநாள் அவன் அசையாம இருந்து இருபத்தொரு நாளையும் கேப்பான். கேக்க வைப்பன்."

பழிவாங்கத் துணை தேவை. டண்டினொங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கல்முனைக்காரர் மீரா சாஹிபு சங்கத்துக்கு ஆறு வருடம் மதியச் சாப்பாடு கொடுத்தவர். அருந்தவன் அதைப் பறித்துத் தன் மச்சாள் விமலாவின் இடியப்பத்துக்குக் கொடுத்திருந்தார்.

"இரிங்க மாஸ்டர்," என்றார் மீரா சாஹிபு. "உங்களுக்கு மைக் போச்சு. எனக்குச் சமையல் போச்சு. பறிச்ச ஆள் ஒண்டுதான்."

"அப்ப சேருவியளோ?"

"சேருவன். ஆனா உங்களில உள்ள பாசத்தில எண்டு மட்டும் நினைச்சிராதீங்க."

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்தது. "பாரசீகத் தளபதியும் இதைத்தான் சொல்லியிருப்பான்!"

சங்கத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு இருவரும் நாற்பது வீடு ஏறி இறங்கினார்கள். அருந்தவன் ஒவ்வொரு கூட்டத்திலும் தான் கட்டிய பாலத்தைப் பற்றி அரை மணி பேசுகிறவர். அதனால் மாஸ்டர் ஒரு புதிய விதியைத் தன் கையாலேயே எழுதினார்: கமிட்டியில் இருப்பவர்கள் மேடையில் சொற்பொழிவாற்றக் கூடாது. பாலத்தால் களைத்திருந்த சனம் கைதட்டியது. பொதுக்கூட்டத்தில் விதியும் நிறைவேறியது. நாற்பத்தொன்றுக்கு முப்பத்துமூன்று என்று மாஸ்டர் தலைவரும் ஆனார். மீரா சாஹிபு உபதலைவர்.

முதல் கமிட்டிக் கூட்டத்தில் மாஸ்டர் தன் எருசலேமை முன்மொழிந்தார். மீரா சாஹிபு தொண்டையைச் செருமினார்.

"கமிட்டியாக்கள் பேசப்படாது மாஸ்டர். நீங்க எழுதின சட்டம்."

"அது அவனுக்கு எழுதினது!"

"அவருக்கு எண்டு அதில இல்லியே."

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அருந்தவனின் மகளுடைய கல்யாண வரவேற்பில் முந்நூறு பேருக்கான சமையல் மீரா சாஹிபுவுக்குப் போயிருந்தது. எருசலேமிலும் அப்படித்தான் நடந்தது. நகரம் விழுந்த சில வருடங்களிலேயே பாரசீகர் தங்கள் கூட்டாளிகளைக் கைவிட்டார்கள். மாஸ்டரின் குறிப்பில் அது பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் நிறுத்தப்பட்டதால், அந்தப் பாடம் அவருக்கே போய்ச் சேரவில்லை போலும்.

அதே வாரம் அருந்தவன் தொலைபேசியில் வந்தார்.

"மாஸ்டர், நான் இப்ப சும்மா ஒரு அங்கத்தவன்தானே. ஜூன் மாதம் பேச ஆசை. தலைப்பு, எருசலேம் முற்றுகை. யாரோ ஒருத்தர் முடிக்கத்தானே வேணும்!"

"தாராளமாப் பேசுங்கோ," என்றார் மாஸ்டர். குரலில் அப்படி ஒரு பணிவு. "இன்னொருத்தரும் பேசுறார். அவருக்குப் பிறகு நீங்கள்."

அன்றைய பேச்சாளர்கள் எல்லோரும் தொடக்கம் முதல் முடிவு வரை மேடைக் கதிரையிலேயே இருப்பது அந்தச் சங்கத்தின் வழக்கம். இடையில் இறங்குவது சபையை அவமதிப்பது. இதுவரை ஒருவரும் இறங்கியதில்லை.

ஜூன் மாதச் சனிக்கிழமை, மாஸ்டர் கூட்டத்தைத் தொடக்கிவைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். நான்கு வரி இராஜினாமா. தலைவர் கதிரையிலிருந்து எழும்பி, அருந்தவனுக்கு அடுத்த கதிரையில் தன் பையை வைத்தார்.

"இப்ப நானும் சாதாரண அங்கத்தவன். முதல் பேச்சாளர் நான்தான்."

ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒன்பதாம் நாள் முற்றுகையில் அருந்தவன், தலைவர் கதிரைக்கு மாறியிருந்த மீரா சாஹிபுவின் பக்கம் சரிந்தார்.

"நிப்பாட்டச் சொல்லுங்கோ. நான் பேச வேணும்."

"நான் தலைவராகி ஒரு மணித்தியாலம் ஆகல்ல சேர். முதல் வேலையே ஆள நிப்பாட்டுறதா?"

மாஸ்டருக்கு அது காதில் விழுந்தது. பத்தாம் நாளுக்குக் கூடுதலாக ஐந்து நிமிடம் கொடுத்தார்.

மதில் விழுந்தபோது அவர் குரலை உயர்த்தவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை என்றார். எழுதியவர்கள் கோபத்தில் எழுதினார்கள் என்றார். பழிவாங்கும் எண்ணம் எவ்வளவு கேவலமானது என்று கடைசி இருபது நிமிடமும் உருக்கமாகப் பேசினார். பேசிய நேரம் முழுக்க அருந்தவனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

அருந்தவனின் முறை வந்தது. எழுந்தார். "மாஸ்டர் எல்லாத்தையும் சொல்லிப்போட்டார்," என்று சொல்லி இருந்துவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து நடந்த விசேட கூட்டத்தில் அருந்தவனே போட்டியின்றித் திரும்பவும் தலைவரானார்.

"இப்ப திரும்ப அவர்தானே தலைவர்," என்றார் நாகேஸ்வரி. "உவ்வளவு பாடுபட்டு நீங்கள் என்னத்தைப் பிடிச்சனீங்கள்?"

"அவன் மதில் விழுமட்டும் இருந்தவன் நாகேஸ். ஒரு வசனம் விடேல்லை. கண்ணைக்கூட மூடேல்லை, நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."